அஞ்சாத மகிழ்ச்சி

சிலரை நினைத்தால் அவர்களுடைய சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பெயரும் பதவியும் வயதும் அதன் பின்னால் மெதுவாக வந்து சேர்கின்றன. அவர்கள் உள்ளே நுழைந்தால் வீடு சற்று அகலமாகிவிடும். பந்தியில் அவர்கள் பக்கத்து இலைக்கு எல்லாரும் ஆசைப்படுவார்கள். அவர்கள் இருந்தவரை அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. அவர்கள் போன பிறகுதான் கேட்கிறோம். எங்கிருந்து வந்தது அந்த மகிழ்ச்சி? அது அவர்களோடு முடிந்துவிட்டதா? அல்லது நம்மிடமும் அதன் ஊற்று இருக்கிறதா?

இந்தக் கேள்வியோடு சற்று நேரம் அமர்வோம். அவசரப்பட வேண்டாம். மகிழ்ச்சியைப் பற்றிய கேள்விக்குப் பதற்றத்தோடு விடை தேடினால் விடை வந்தாலும் அதைக் கேட்கும் நிலையில் நாம் இருக்க மாட்டோம்.

இந்தத் தேடலில் முதலில் மைசூருவுக்கு வருவோம். இந்த ஊரில் கடல் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலே, சாமுண்டி மலையின் அடியில் அமைதியாக இருக்கிற ஊர் இது. இங்கே நீர்ப்பரப்பு என்றால் ஏரிதான். மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-இல் உருவான குக்கரஹள்ளி ஏரியின் கரையில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். கூழைக்கடாக்கள் தண்ணீரில் சலனமில்லாமல் மிதக்கும். கரையில், பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் முதுகு நிமிர்ந்து நடப்பார்கள். அவர்களில் தரைப்படைக்காரர் உண்டு, விமானப்படைக்காரர் உண்டு, கடற்படைக்காரரும் உண்டு. வாழ்நாளில் பாதியை அலைமேல் கழித்தவர் ஒருவர், மிச்சத்தை ஏரிக்கரையில் கழிக்க இந்த ஊரைத் தேர்ந்திருப்பார். எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

கடலே இல்லாத இந்த ஊரின் பெயரை ஒரு போர்க்கப்பல் உலகக் கடல்களெங்கும் சுமந்து சென்றது. அந்தக் கப்பலின் கதையிலிருந்து நம் தேடலைத் தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் ‘நைஜீரியா’ என்ற பெயரில் இருந்த கப்பல் அது. 1942-இல் மத்தியதரைக் கடலில், மால்டா தீவுக்கு உணவும் எரிபொருளும் கொண்டு சென்ற அணியைக் காத்துச் சென்றபோது, இத்தாலிய நீர்மூழ்கியின் டார்பீடோ அதைத் தாக்கியது. காயப்பட்ட கப்பல் மூழ்கவில்லை. கரை சேர்ந்தது, பழுது நீங்கியது, மறுபடி கடலுக்குப் போனது. 1954-இல் இந்தியா அதை வாங்கியது. புதுப்பிக்கப்பட்டு, 1957 ஆகஸ்ட் 29 அன்று ‘ஐ.என்.எஸ். மைசூர்’ ஆனது. மைசூர் உடையார்களின் சின்னமான கண்டபேரண்டப் பறவை, இரண்டு தலைகளோடும் ஓர் உடலோடும், அந்தக் கப்பலின் முத்திரையில் அமர்ந்தது. 1985 வரை அது பணியில் இருந்தது. பிறகு 1999-இல் அதே பெயரில் இன்னொரு கப்பல் வந்தது. பறவை மாறவில்லை. அதன் அடியில் இருந்த சொற்களும் மாறவில்லை.

அந்தச் சொற்களின் பொருள் எளியது: ஒருபோதும் அஞ்சுவதில்லை. போர்க்கப்பலுக்கு ஏற்ற வீரமொழி என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். ஆனால் அவை போர்க்களத்தில் பிறந்த சொற்கள் அல்ல. காட்டில், குருவின் எதிரே அமர்ந்து, மனத்தை உள்முகமாகத் திருப்பியவர்கள் கேட்ட தைத்திரீய உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அங்கே அச்சமின்மை தனியாக வரவில்லை. ஆனந்தத்தோடு சேர்ந்து வருகிறது. பிரம்மத்தின் ஆனந்தத்தை அறிந்தவன் எவனோ அவன் ஒருபோதும் அஞ்சுவதில்லை என்பதே அந்த இடத்தின் கருத்து. கப்பல் பின்பாதியை எடுத்துக்கொண்டது. முன்பாதி உபநிடதத்திலேயே நமக்காகக் காத்திருக்கிறது.

இதை மெதுவாக மனத்தில் இறங்க விடுவோம். அச்சத்தை வென்ற பிறகு ஆனந்தம் வரும் என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். கடன் தீரட்டும், பிறகு சிரிக்கலாம். பிள்ளைக்கு வேலை அமையட்டும், பிறகு நிம்மதியாக இருக்கலாம். மருத்துவர் கவலையில்லை என்று சொல்லட்டும், பிறகு உறங்கலாம். உபநிடதம் வரிசையை மாற்றி வைக்கிறது. ஆனந்தம் முதலில். அதை அறிந்தவனிடம் அச்சத்துக்கு இடமில்லை. மகிழ்ச்சியான மனிதர்களை நினைத்துப் பார்த்தால் இது உண்மை என்று தெரியும். அவர்களுக்கும் கவலைகள் இருந்தன. கவலை தீரும் நாள்வரை மகிழ்ச்சியை அவர்கள் ஒத்தி வைக்கவில்லை.

கடலில் இருந்தவர்களுக்கு இந்தப் பாடம் சீக்கிரம் வாய்க்கிறது போலும். கப்பலில் இரவும் பகலும் காவல் முறை உண்டு, வாட்ச் என்பார்கள். நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிவரை ஒரு வாட்ச். கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் வெள்ளை விளக்கு எரியாது. மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும் இருக்கும். வெளிச்சத்திலிருந்து வந்தவனுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. வெளியே கரும் இருட்டு. அரை மணி நேரம் போல நின்றால் கண் பழகும். தொடுவானம் தெரியும். தூரத்துக் கப்பலின் சிறு விளக்கு தெரியும். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். இருட்டு அப்படியேதான் இருக்கிறது, கண்தான் பழகியிருக்கிறது. மனமும் இப்படித்தான். துயரத்துக்குள் நுழைந்த உடனே ஒன்றும் தெரியவில்லையே என்று கலங்குகிறோம். கலங்காமல் சற்று நின்றால், அங்கேயும் வழி காட்டும் ஒளிகள் இருப்பது தெரிகிறது. நிற்கக் கற்றவன் முகத்தில் வருகிற சிரிப்புக்கு ஆழம் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு கடற்படைக்காரரை நினைத்துக்கொள்வோம். அட்மிரல் லட்சுமிநாராயண் ராமதாஸ். 1933 செப்டம்பர் 5 அன்று, தமிழர்கள் நிறைந்த மும்பை மாட்டுங்காவில் பிறந்தவர். 1953-இல் கடற்படை அதிகாரியானார். செய்தித் தொடர்பில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். ஒரு கப்பல் இன்னொரு கப்பலோடு பேசும் கலையில் தேர்ந்தவர். 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். இத்தனை இருந்தும் நெருங்கியவர்களுக்கு அவர் ‘ராமு’தான். பிற்காலப் படங்களில் வெண்தாடியோடு, கண்களில் சிரிப்போடு, நம் குடும்பத்துப் பெரியப்பா ஒருவர்போலத் தெரிவார். 2024 மார்ச் 15 அன்று, 90 வயதில் மறைந்தார்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அவர் ‘ஐ.என்.எஸ். பியாஸ்’ கப்பலின் தலைவராக வங்கக் கடலில் இருந்தார். கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்து நின்ற அணியில் அந்தக் கப்பலும் ஒன்று. அந்தப் போரில் காட்டிய வீரத்துக்காக அவருக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. அதே போரில், மேற்கே அரபிக் கடலில், ‘ஐ.என்.எஸ். மைசூர்’ மேற்குக் கடற்படை அணியின் கொடிக்கப்பலாக இருந்தது. போர் என்பது என்னவென்று ராமதாஸ் நூலில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். அதன் நடுவே நின்றவர்.

நின்றவர், அங்கேயே நின்றுவிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் தன் ஆற்றலை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மக்கள் பேசிக்கொள்ள வழி செய்வதில் செலவிட்டார். இரு நாட்டு மக்களும் சேர்ந்து நடத்திய அமைதி மன்றத்தில் முன்னின்றார். அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பேசினார். 2004-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வந்தது. அதை அவர் தனியாகப் பெறவில்லை. பாகிஸ்தானின் பத்திரிகையாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ஐ.ஏ. ரெஹ்மானோடு பகிர்ந்துகொண்டார். ஒரு காலத்தில் எதிர்க்கரையாக இருந்த நாட்டின் மனிதரோடு, அமைதிக்கான ஒரே விருதுக்கு உரியவராக நின்றார்.

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? வீரம் குறைந்து அமைதி வந்ததா? அப்படித் தோன்றவில்லை. அஞ்சாதவனால்தான் பகைவனின் கையைப் பற்ற முடியும். அஞ்சுகிறவன் கதவைச் சாத்திக்கொள்கிறான்; சாத்திய கதவுக்கு வீரம் என்று பெயர் வைக்கிறான். அந்த முத்திரைப் பறவையை மறுபடி பாருங்கள். இரண்டு தலைகள் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன. உடல் ஒன்று. போர்க்கப்பலின் மேல்தளமும் அமைதிப் பேச்சின் மேசையும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதிர்த் திசைகள். அந்த மனிதருக்குள் இரண்டையும் இயக்கிய இதயம் ஒன்றுதான்.

தைத்திரீயத்தில் இன்னோர் இடம் உண்டு. ஆனந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிற உபநிடதம், அச்சம் எப்படிப் பிறக்கிறது என்றும் சொல்கிறது. தனக்கும் அந்தப் பரம்பொருளுக்கும் நடுவே ஒருவன் மிகச் சிறிய இடைவெளியை உண்டாக்கினாலும், அங்கிருந்தே அவனுக்கு அச்சம் தொடங்குகிறது என்பது அதன் கருத்து. பெரிய பிளவு வேண்டியதில்லை. சிறு இடைவெளி போதும். ‘நான்’ இங்கே, ‘அது’ அங்கே என்று பிரித்த கணத்தில், அங்கே இருப்பது எப்போது என்னை என்ன செய்யுமோ என்ற நடுக்கம் பிறந்துவிடுகிறது.

நம் நாளை நாமே பார்க்கலாம். அண்ணனோடு பேசி ஆறு மாதமாகிறது. சொத்துப் பேச்சில் வந்த ஒரு சொல், அவ்வளவுதான். அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு படபடக்கிறது. அவர் மாறவில்லை, நாமும் மாறவில்லை. நடுவில் ஓர் இடைவெளி வந்திருக்கிறது, அங்கே அச்சம் குடியேறியிருக்கிறது. நாடுகளுக்கும் இதுவே கதை. ‘மைசூர்’ கப்பல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் எஸ்.எம். நந்தா. அவர் சிறுவனாக வளர்ந்தது கராச்சித் துறைமுகத்தின் மனோரா தீவில். 1971-இல் அவரே கடற்படைத் தலைமைத் தளபதி. கராச்சித் துறைமுகத்தின் மீதான தாக்குதல் அவருடைய தலைமையில் நடந்தது. தான் ஓடி விளையாடிய கரை எதிரிக் கரை ஆகியிருந்தது. தண்ணீர் அதே தண்ணீர்தான். கோடு நாம் வரைந்தது.

கோடுகள் தேவைப்படும் இடங்கள் உலகில் உண்டு. எல்லையைக் காக்க யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பதால்தான் நாம் உறங்குகிறோம். அந்த விழிப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் எல்லையில் இருக்க வேண்டிய கோடு நெஞ்சுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே காவலும் உள்ளே இடைவெளியின்மையும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும். ராமதாஸின் வாழ்க்கையை நினைக்கும்போது மனத்துக்கு இதமாக இருப்பது இதுதான்.

அவருடைய வீட்டிலும் இதுவே நடந்தது. மனைவி லலிதா, இந்தியர்களில் முதன்முதலாகக் கடற்படைத் தலைமைக்கு வந்த, செங்கல்பட்டில் பிறந்த வைஸ் அட்மிரல் கட்டாரியின் மகள். கல்விக்காகவும் சமூக நீதிக்காகவும் தானே களத்தில் நின்றவர். கடற்படைக் குடும்பம் என்றால் பிரிவு பழகிய குடும்பம். கணவர் கப்பலில் இருக்கும் மாதங்களில் பள்ளிக்கூடம், காய்ச்சல், வீட்டு வாடகை எல்லாம் மனைவியின் தோளில். மாலுமியின் மலர்ந்த முகத்துக்குப் பின்னால் இந்தத் தோள் இருக்கிறது. அதை மறந்து அவனைப் போற்றினால் அந்தப் போற்றுதல் பாதிதான். ராமதாஸ் தம்பதிக்கு மூன்று மகள்கள். ஒரு மகள் பாகிஸ்தானைச் சேர்ந்தவரை மணந்தார். போரில் வீர் சக்ரா பெற்றவருக்கு எதிர்க்கரையிலிருந்து மருமகன் வந்தார். ராமதாஸ் தலைமைத் தளபதியாக இருந்த 1992-இல்தான் இந்தியக் கடற்படை பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. மூன்று பெண் பிள்ளைகளின் தந்தை காலத்தில் அந்தக் கதவு திறந்தது நினைத்தாலே நிறைவாக இருக்கிறது.

இப்போது ஆசையைப் பற்றி யோசிப்போம். ஆனந்தத்தைப் பேசினால் ஆசையைப் பேசாமல் தீராது. தைத்திரீயம் ஆனந்தத்துக்கு ஓர் ஏணி வைத்திருக்கிறது. இளமையும் உடல்வலிமையும் கல்வியும் கொண்ட ஒருவனை எடுத்துக்கொள். செல்வம் நிறைந்த பூமி முழுவதும் அவனுடையது என்று வைத்துக்கொள். அவன் அடையும் இன்பம் ஓர் அளவு என்கிறது. அதைப்போல் நூறு மடங்கு கந்தர்வர்களில் முதல் வகையினருக்கு. அதிலும் நூறு மடங்கு அடுத்தவர்களுக்கு. பிதிரர்கள், தேவர்கள், இந்திரன், பிருகஸ்பதி, பிரஜாபதி என்று படிக்குப் படி நூறு நூறாகப் பெருகிக்கொண்டே போகிறது.

கேட்கும்போது மனம் ஏணியில் ஏறத் தயாராகிவிடும். அதுதானே மனத்தின் பழக்கம்! ஆனால் அடிக்கு அடி உபநிடதம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. ஆசையால் அடிபடாத ஞானிக்கும் அதே ஆனந்தம் உண்டு. கந்தர்வர் படியில் இதைச் சொல்கிறது. தேவர் படியில் இதைச் சொல்கிறது. இந்திரன் படியிலும் இதையே சொல்கிறது. ஏறி ஏறி அடைகிறவர்களுக்குக் கிடைப்பது எதுவோ, அது ஏறாமல் அமர்ந்திருப்பவனுக்கும் கிடைத்துவிட்டது. அவனிடம் இல்லாதது ஒன்றுதான்: இன்னும் வேண்டும் என்ற அரிப்பு.

கடற்படையில் ஏணிக்குப் பஞ்சமில்லை. பதவியிலும் ஏணி, கப்பலிலும் ஏணி. உச்சிப் படியில் நின்றவர் ஒருவர், ஒரு நாள் காலையில் சீருடையைக் கழற்றி வைக்க வேண்டும். வாசலில் வணங்கி நிற்க ஆள் இருக்காது. கொடி பறக்கும் கார் இருக்காது. அந்த நாளில்தான் ஒருவருடைய மகிழ்ச்சி பதவியில் இருந்ததா, அவரிடமே இருந்ததா என்று தெரியவரும். ராமதாஸ் மகாராஷ்டிரத்தில் அலிபாகுக்கு அருகே பைமாலா என்ற கிராமத்துக்குப் போனார். வீர் சக்ரா விருதுக்காக அரசு அளித்த நிலம் அங்கே இருந்தது. கணவனும் மனைவியும் அதில் இயற்கை வேளாண்மை செய்தார்கள். நாட்டின் கப்பல்களையெல்லாம் நடத்தியவர் பாத்தியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். அது இறக்கம் என்று உலகக் கணக்கு சொல்லும். ஆசையால் அடிபடாதவனுக்கு ஏற்றமும் இறக்கமும் ஒரே தரைதான்.

நாம் எல்லாரும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு சீருடையைக் கழற்றப் போகிறவர்கள்தாம். வேலை ஒரு சீருடை. இளமை ஒரு சீருடை. ‘இந்தக் குடும்பமே என்னால்தான் ஓடுகிறது’ என்ற எண்ணமும் ஒரு சீருடைதான். கழற்றும் நாளில் கூசாமல் இருக்க வேண்டுமானால் இன்றே தினமும் சற்று நேரம் அதைக் கழற்றி வைத்துப் பழகலாம். கண்ணை மூடி, ஒன்றும் வேண்டாமல், யாராகவும் இல்லாமல், மூச்சு வந்து போவதை மட்டும் கவனித்து அமரலாம். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் குறைந்துபோனது எதுவும் இல்லை என்று மனம் தானே கண்டுகொள்ளும்.

இந்தியக் கடற்படையின் சின்னத்தில் ஒரு பிரார்த்தனை இருக்கிறது. வருணன் நமக்கு மங்களம் அருளட்டும் என்பது அதன் பொருள். அதை எடுத்துக்கொடுத்தவர் நம் ராஜாஜி. அந்தப் பிரார்த்தனையும் தைத்திரீய உபநிடதத்தின் தொடக்க சாந்தியில் வருவதுதான். கடற்படையின் பிரார்த்தனையும் ‘மைசூர்’ கப்பலின் வாக்கும் ஒரே உபநிடதத்தில் இருக்கின்றன. அந்த வருணனை நாம் கடலின் தெய்வமாக அறிவோம். அதே உபநிடதத்தின் கடைசிப் பகுதியில் வருணன் ஒரு தந்தையாக வருகிறான்.

மகன் பிருகு அவனிடம் போய், பிரம்மத்தை எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறான். தந்தை வழியை மட்டும் காட்டி, நீயே தவத்தால் தெரிந்துகொள் என்கிறான். பிருகு தவம் செய்கிறான். உணவே அது என்று கண்டு திரும்பி வருகிறான். தந்தை கடிந்துகொள்ளவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை. இன்னும் தவம் செய் என்று மட்டும் சொல்கிறான். மறுபடி போகிறான், உயிர்மூச்சு என்று கண்டு வருகிறான். பிறகு மனம் என்று. பிறகு அறிவு என்று. ஒவ்வொரு முறையும் அதே கனிவான பதில். கடைசியில் பிருகு ஆனந்தத்தைக் கண்டுகொள்கிறான். எல்லா உயிர்களும் ஆனந்தத்திலிருந்தே பிறக்கின்றன, ஆனந்தத்தாலேயே வாழ்கின்றன, ஆனந்தத்துக்கே திரும்புகின்றன என்று அவனுக்குத் தெரிகிறது. அதன் பிறகு அவன் தந்தையிடம் திரும்பி வந்து கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளைகளுக்கு விடையைக் கொடுத்துவிடத் துடிக்கிற பெற்றோர்கள் நாம். வருணன் பொறுத்திருந்தான். மகன் ஒவ்வொரு படியிலும் தங்கி, அது போதவில்லை என்று தானே உணர்ந்து எழுந்து வரும்வரை காத்திருந்தான். மகிழ்ச்சியான தந்தையின் அருகில் வளர்கிற பிள்ளைகளுக்குக் கிடைப்பது இந்த அவகாசம். அறிவுரைகள் மறந்துபோகும். தோற்று வந்த நாளில் அப்பாவின் முகம் சுருங்கவில்லை என்பது மறக்காது.

ஆனந்தம் தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? குகைக்குப் போகவா? பிருகுவின் கதை முடிந்ததும் உபநிடதம் சொல்வது வியப்பைத் தருகிறது. உணவை இகழாதே. உணவை வீணாக்காதே. உணவை நிறைய விளைவி. தங்க இடம் கேட்டு வந்தவர் எவரையும் திருப்பி அனுப்பாதே. அவ்வளவு உயரத்துக்குப் போன ஞானம் நேராக வயலுக்கும் அடுக்களைக்கும் திண்ணைக்கும் இறங்கி வருகிறது. ஆனந்தத்தை அறிந்தவனை அடையாளம் காண வேண்டுமானால் அவன் வீட்டுப் பந்தியைப் பார்த்தால் போதும். அங்கே இன்னொருவருக்கு இடம் இருக்கும். எதிர்க்கரையிலிருந்து வந்தவருக்கும் இலை போடுவார்கள்.

ஓய்வுக் காலத்தை வயலிலும் விருந்தினர்களோடும் கழித்த அந்தக் கடற்படைப் பெரியவர் இந்த வரிசையை உபநிடதத்தில் படித்து நடந்தார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வாழ்க்கைகள் படிக்காமலும் அங்கே போய்ச் சேர்கின்றன. நம் குடும்பங்களிலும் அப்படிச் சேர்ந்தவர்கள் உண்டு. புகழ் பெறாதவர்கள், பெயர் அச்சேறாதவர்கள். கப்பலில் சமையல் செய்தவர், எந்திர அறையின் வெப்பத்தில் இளமையைக் கழித்தவர், விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்குச் சங்கும் கதையும் கொண்டுவந்தவர். அவர்களையும் இந்த வரிசையில் அமர்த்திக்கொள்வோம்.

மகிழ்ச்சியாக வாழ்ந்த ஒருவரை எப்படி நினைவுகூர்வது? அழுகை வரும், வரட்டும். அழுகையும் அன்பின் ஒரு மொழி. ஆனால் அவரோடு வீட்டின் மகிழ்ச்சியும் போய்விட்டது என்று மட்டும் முடிவு செய்துவிட வேண்டாம். அவர் அதை உண்டாக்கவில்லை; எல்லாரிடமும் இருப்பதை மறைக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் அருகில் நாம் மகிழ்ந்தோமே, அந்த மகிழ்ச்சி எழுந்தது நம் நெஞ்சில்தானே? எழுந்த இடம் இன்னும் நம்மிடமே இருக்கிறது.

ஆகவே இன்று சற்று நேரம் அமர்வோம். அவருடைய சிரிப்பை நினைப்போம். நினைக்கும்போது நெஞ்சில் ஓர் இளக்கம் வரும். அந்த இளக்கத்திலேயே இருப்போம். பிறகு மெல்லக் கேட்டுக்கொள்வோம்: எனக்கு எதனிடம் அச்சம்? அந்த அச்சம் எந்த இடைவெளியில் பிறந்தது? விடை பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயராக வரும். நாம் பேசாமல் விட்ட ஒருவர். நாம் கோடு போட்டு அப்பால் நிறுத்திய ஒருவர்.

அவரிடம் இன்று ஒரு முறை பேசுவோம். ‘அண்ணா, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் போதும். தொடங்குவதற்கு அதற்கு மேல் சொல் வேண்டாம். மறுபுறம் என்ன பதில் வந்தாலும் நம் பக்கத்து இடைவெளி மூடிவிடும். மூடிய இடத்தில் அச்சம் தங்காது. அச்சம் தங்காத நெஞ்சில் மகிழ்ச்சியை யாரும் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை. சிரித்த முகத்தோடு வாழ்ந்து போன பெரியவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மிக நல்ல அஞ்சலி, அவர்களைப்போல் அஞ்சாமல் அன்பு செய்வதே. அது இன்றைக்கே, நாம் இருக்கும் இடத்திலிருந்தே, நம்மால் முடிகிற காரியம்.